ஆயில் ஃபில்டர் எப்படி உருவாகிறது? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் எஞ்சின் எண்ணெயைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர்கள் பலர், நம் பட்டறைகளில் 'ஆயில் ஃபில்டர்' என்று வழங்கும் எண்ணெய் வடிகட்டியைப் பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். எல்லாம் ஒரே பொருளைச் சுற்றிய கேள்விகளாக இருப்பதால் இந்த இதழ் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன். ஃபில்டர் தொழிற்சாலை ஒன்றின் தர ஆய்வுப் பிரிவில் சில ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், இந்தச் சிறு பொருளின்மேல் எனக்குத் தனிப்பட்ட மதிப்பு உண்டு என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: ஒவ்வொரு முறை காரை சர்வீஸுக்கு விடும்போதும் ஆயில் ஃபில்டரை மாற்றியதாக ரசீதில் எழுதுகிறார்கள். வெளியே பார்த்தால் அது வெறும் தகர டப்பா. உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது? (திருப்பூர் வாசகர்)

பதில்: எஞ்சினில் திருகி மாட்டப்படும் இவ்வகை ஃபில்டரை 'ஸ்பின்-ஆன்' என்பார்கள். தாங்கள் காணும் தகர டப்பாவுக்குள் விசிறிபோல் மடிக்கப்பட்டு வட்டமாகச் சுற்றப்பட்ட வடிதாள் இருக்கிறது. அந்தத் தாள் எண்ணெயின் அழுத்தத்தில் உள்நோக்கி நசுங்கிவிடாமல் தாங்குவதற்கு அதன் நடுவே துளையிட்ட இரும்புக் குழாய் ஒன்றும், தாளின் மேல்முனையையும் கீழ்முனையையும் அடைப்பதற்கு 'எண்ட் கேப்' எனப்படும் இரண்டு மூடிகளும் உள்ளன. இவற்றோடு இரண்டு வால்வுகள், ஒரு சுருள்வில் அல்லது பட்டைவில், திருகுபுரி வெட்டிய கனமான அடித்தகடு, எஞ்சினோடு சேரும் இடத்தை அடைக்கும் 'கேஸ்கெட்' என்ற வெளிப்புற ரப்பர் வளையம் ஆகியவை சேர்ந்ததே ஒரு ஃபில்டர்.

அடித்தகட்டைத் திருப்பிப் பார்த்தால் நடுவில் புரியுள்ள பெரிய துளையும் அதைச் சுற்றிச் சிறு துளைகளும் தெரியும். எண்ணெய்ப் பம்பிலிருந்து வரும் அழுக்கு எண்ணெய் சுற்றியுள்ள சிறு துளைகள் வழியாக உள்ளே இறங்கி, டப்பாவுக்கும் தாளுக்கும் இடையிலுள்ள வெளியை நிரப்பி, தாளை வெளியிலிருந்து உள்நோக்கிக் கடந்து, நடுக்குழாய் வழியாகப் பெரிய துளையில் ஏறி எஞ்சினுக்குத் திரும்புகிறது. வெளியிலிருந்து உள்நோக்கிப் பாய்வதற்குக் காரணம் உண்டு. அழுக்கு தங்குவதற்கு வெளிப்பக்கத்தில் இடம் அதிகம். உள்ளே தாங்குவதற்கு இரும்புக் குழாய் இருக்கிறது.

இரண்டு வால்வுகளில் ஒன்று, சிறு துளைகளை உட்புறமிருந்து மூடி நிற்கும் வளையவடிவ ரப்பர். எஞ்சின் நின்ற பிறகு ஃபில்டரில் உள்ள எண்ணெய் பின்னோக்கி வடிந்துவிடாமல் இது தடுக்கிறது. இது கெட்டுவிட்டால், காலையில் எஞ்சினை இயக்கும்போது காலியான ஃபில்டர் நிரம்பும் வரை மேலே எண்ணெய் போய்ச் சேராது. அந்தச் சில நொடிகளில் எழும் கடகட ஒலியைப் பல வண்டி உரிமையாளர்கள் கேட்டிருப்பார்கள். மற்றொன்று பைபாஸ் வால்வு. தாள் அடைத்துக்கொண்டாலோ, குளிரில் எண்ணெய் கெட்டியாக இருந்தாலோ, தாளின் இருபுறத்துக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு கூடுகிறது. அது சுமார் 1 பார், அதாவது ஏறத்தாழ வளிமண்டல அழுத்தத்தின் அளவை எட்டும்போது (எஞ்சினுக்கேற்ப இது சற்றுக் கூடும், குறையும்) இந்த வால்வு திறந்து, வடிகட்டாத எண்ணெயையே எஞ்சினுக்கு அனுப்பிவிடுகிறது. எண்ணெயே இல்லாமல் ஓடுவதைவிட அழுக்கு எண்ணெயில் ஓடுவது மேல் என்ற கணக்கில் வைக்கப்பட்ட ஏற்பாடு இது.

தாள் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், அது மற்றொரு பொருளோடு சேரும் இடத்தில் மயிரிழை அளவு சந்து இருந்தால் எண்ணெய் அந்தச் சந்து வழியாகவே போகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கீழே நான் சொல்லப்போகும் தொழிற்சாலை வேலைகளில் பெரும்பகுதி அந்தச் சந்துகளை அடைப்பதற்காகவே நடப்பவை.

கேள்வி: நான் பாலிடெக்னிக்கில் எந்திரவியல் படிக்கிறேன். சாதாரணத் தாள் எண்ணெயில் ஊறினால் கிழிந்துவிடுமே. ஃபில்டர் தாள் மட்டும் எப்படிச் சூடான எண்ணெயில் பல மாதங்கள் தாக்குப்பிடிக்கிறது? (சேலம் மாணவர்)

பதில்: மிகச் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். ஃபில்டர் தாளின் அடிப்படை மரக்கூழிலிருந்து கிடைக்கும் செல்லுலோஸ் இழைதான். உயர்தர வகைகளில் அதனுடன் பாலியெஸ்டர் இழையும் மிக நுண்ணிய கண்ணாடி இழையும் சேர்க்கப்படும். எழுதும் தாளில் இழைகளை நெருக்கி அழுத்தி வழவழப்பாக்குவார்கள். இங்கோ இழைகளுக்கிடையே வெளி இருக்க வேண்டும் என்பதால் தாளைப் பஞ்சுபோல் தளர்வாகப் படியவிடுவார்கள். அப்படிப்பட்ட தளர்வான தாளுக்கு வலிமை இராது. அதற்காகவே அதை ஃபீனாலிக் பிசின் கரைசலில் தோய்த்து உலர்த்துகிறார்கள். தாளின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்தப் பிசின்தான். இத்தகைய தாளை அமெரிக்காவின் ஹாலிங்ஸ்வொர்த் அண்ட் வோஸ், ஃபின்லாந்தின் ஆல்ஸ்ட்ரோம் போன்ற தாள் நிறுவனங்கள் தயாரித்துச் சுருள்களாக விற்கின்றன. ஃபில்டர் தொழிற்சாலை அதை வாங்கித் தன் தேவைக்கேற்ற அகலத்தில் அறுத்துக்கொள்கிறது.

சுருளாக வரும்போது பிசின் பாதி இறுகிய நிலையிலேயே இருக்கும். முழுவதும் இறுகிவிட்டால் மடிக்கும்போது தாள் வெடிக்கும். சிறிதும் இறுகாமல் இருந்தால் சுருளிலேயே ஒட்டிக்கொள்ளும். மடிப்பு எந்திரத்தில் தாள் முதலில் சற்றுச் சூடாக்கப்பட்டு இளக்கப்படுகிறது. பிறகு மேலும் கீழுமாக மாறி மாறி இயங்கும் இரண்டு கத்தி விளிம்புகள் அதை மடிக்கின்றன; அல்லது வரிக்கோடு பதிக்கும் உருளைகளுக்கிடையே தாள் ஓடி, அந்தக் கோடுகளில் தானாக மடிகிறது. ஒரு மடிப்பு அடுத்ததோடு ஒட்டி அடைத்துக்கொள்ளாமல் இருக்கத் தாளில் முன்கூட்டியே நெளிவுகள் பதித்திருப்பார்கள். குறித்த எண்ணிக்கை மடிப்புகள் ஆனதும் தாள் வெட்டப்பட்டு அடுப்புக்குள் செல்கிறது. அங்கே சுமார் 150 முதல் 180 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சில நிமிடங்கள் இருக்கும்போது பிசின் மீளமுடியாதபடி இறுகி, இழைகள் ஒன்றையொன்று தொடும் இடங்களையெல்லாம் பூட்டிவிடுகிறது. வெளிர்மஞ்சளாக உள்ளே போன தாள் பழுப்பேறி வெளியே வரும்.

இந்த அடுப்பைத்தான் நான் தொழிற்சாலையின் இதயம் என்று கருதுகிறேன். வெப்பம் குறைந்துபோனால் பிசின் அரைகுறையாக நிற்கும். அத்தகைய தாள் நூறு டிகிரிக்கும் மேல் சூடேறும் எஞ்சின் எண்ணெயில் துவண்டு, மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாதிப் பரப்பு பயனற்றுப்போகும். வெப்பம் கூடினால் மடிப்பின் நுனியில் தாள் நொறுங்கும். இரண்டு குறைகளுமே முடித்த டப்பாவை வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. செல்லுலோஸ் ஈரத்தை இழுக்கும் இயல்புடையது என்பதால் மழைக்காலத்தில் சுருள்களை உறை பிரிக்காமல் வைத்திருப்போம். அடுப்பிலிருந்து வரும் தாளில் ஒரு துண்டை எடுத்து, கரைப்பானில் ஊறவைத்து, எவ்வளவு பிசின் கரைந்து போகிறது என்பதை எடை போட்டுப் பார்ப்போம். இறுகிய பிசின் கரையாது, இறுகாதது கரைந்துவிடும்.

தாளை ஏன் மடிக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. 70 மி.மீ. உயரமும் 15 மி.மீ. ஆழமும் உள்ள 60 மடிப்புகள், 64 மி.மீ. வெளிவிட்டமுள்ள வட்டமாக இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு மடிப்புக்கும் இரண்டு முகங்கள் என்பதால் மொத்தப் பரப்பு 1,260 சதுர செ.மீ.; அதாவது ஏ4 தாள் இரண்டின் அளவு. அதே 64 மி.மீ. விட்டமுள்ள இடத்தில் மடிக்காத தாளை வெறும் உருளையாகச் சுற்றினால் கிடைப்பது 141 சதுர செ.மீ. மட்டுமே. பரப்பு ஒன்பது மடங்கு கூடும்போது எண்ணெய் அதே விகிதத்தில் மெதுவாகத் தாளைக் கடக்கிறது. அழுக்கைத் தாங்கும் காலமும் நீள்கிறது.

மடித்த தாளை வட்டமாக வளைத்து, முதல் மடிப்பையும் கடைசி மடிப்பையும் மெல்லிய தகட்டுப் பட்டையால் கவ்வியோ பசையிட்டோ இணைப்பார்கள். பிறகு நடுக்குழாயைச் செருகி, எண்ட் கேப்பில் பிளாஸ்டிசால் என்ற பி.வி.சி. வகைக் கூழை ஊற்றி, அதில் தாளின் முனையை நிறுத்திச் சூடாக்குவார்கள். கூழ் ரப்பர்போல் இறுகித் தாளின் ஒவ்வொரு மடிப்பு விளிம்பையும் பிடித்துக்கொள்ளும். பின்னர் தலைகீழாகத் திருப்பி மறுமுனைக்கும் அவ்வாறே செய்வார்கள். கூழ் ஓரிடத்தில் மெலிந்து போனால் அங்கே மடிப்பின் நுனி மூழ்காமல் நிற்கும். முதல் பதிலில் நான் சொன்ன சந்து என்பது இதுதான்.

கேள்வி: நான் பிரஸ் ஷாப்பில் வேலை செய்கிறேன். ஃபில்டரின் டப்பாவில் எங்கும் பற்றவைத்த தடமே இல்லை. ஒரே தகட்டிலிருந்து இழுக்கிறார்களா? மூடியை எப்படிச் சேர்க்கிறார்கள்? (ஓசூர் வாசகர்)

பதில்: ஆம், ஒரே தகட்டிலிருந்துதான். (தட்டையான தகட்டை 'டை' என்ற அச்சுக்குள் அழுத்திக் கிண்ணமாக்குவதையே இழுப்பது என்கிறோம்.) தங்களைப் போன்ற தொழிலறிந்தவர் கேட்கும்போது சற்று விரிவாகவே சொல்லலாம். ஆழ இழுப்பதற்கென்றே உருவாக்கப்பட்ட, சுமார் அரை மி.மீ. கனமுள்ள குளிர் உருட்டு எஃகுத் தகட்டில் முதலில் வட்டவில்லை வெட்டப்படுகிறது. 65 மி.மீ. விட்டமும் 80 மி.மீ. உயரமும் உள்ள டப்பாவுக்கு, தகட்டின் கனம் மாறாது என்று கொண்டால், வில்லையின் விட்டம் ஏறத்தாழ 158 மி.மீ. வரும். வில்லைக்கும் டப்பாவுக்கும் உள்ள விகிதம் 2.4-ஐத் தாண்டுகிறது. முதல் இழுப்பிலேயே இரண்டு மடங்குக்கு மேல் போனால் அடிமூலையில் தகடு கிழியும் என்பது தங்களுக்குத் தெரிந்ததே. ஆகவே முதலில் அகன்ற கிண்ணமாகவும், அடுத்த டையில் ஒடுங்கிய டப்பாவாகவும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கட்டங்களில் இழுக்கிறார்கள். சுருக்கம் விழாமல் இருக்க விளிம்பை அழுத்திப் பிடிக்கும் வளையத்தின் விசை கூடினால் கிழிசல், குறைந்தால் சுருக்கம். ஸ்பானர் பிடிப்பதற்கான பட்டைகளையும் அறுகோணத்தையும் கடைசிக் கட்டத்தில் அடியில் பதிப்பார்கள். அதன்பின் வாய் விளிம்பைச் சீராக வெட்டி, சற்று வெளிப்புறம் மடித்து, இழுப்பதற்காகத் தடவிய எண்ணெய் முழுவதும் போகும்படி கழுவுவார்கள். அந்த எண்ணெய் மிஞ்சினால் பின்னால் பெயின்ட் பிடிக்காது.

திருகுபுரியைத் தாங்கும் அடித்தகடு சில மி.மீ. கனமுள்ளது. டப்பாவோடு இணைவதற்கு இவ்வளவு கனமான தகட்டை மடிக்க முடியாது என்பதால், மெல்லிய மூடித்தகடு ஒன்றை அதன்மேல் ஸ்பாட் வெல்டு செய்வார்கள். கேஸ்கெட் உட்காரும் பள்ளமும் இந்த மூடித்தகட்டிலேயே இருக்கும். டப்பாவை வாய் மேல்நோக்கியிருக்க நிறுத்தி, உள்ளே வில், அதன்மேல் தாள் தொகுதி, அதன்மேல் ரப்பர் வால்வு, கடைசியாக மூடி என்று அடுக்குவார்கள். வில்லின் வேலை, தாள் தொகுதியை எப்போதும் மூடியோடு அழுத்திப் பிடித்து, அழுக்குப் பக்கத்துக்கும் தூய பக்கத்துக்கும் இடையே பிளவு விடாமல் காப்பது.

மூடியைச் சேர்க்கும் முறை, பால்பவுடர் டின்னுக்கும் மீன் டின்னுக்கும் செய்யும் அதே இரட்டை மடிப்புத் தையல். சுழலும் டப்பாவின்மீது முதல் உருளை நெருங்கி மூடியின் விளிம்பை டப்பாவின் விளிம்புக்கு அடியில் சுருட்டிவிடும். இரண்டாவது உருளை அந்தச் சுருளை நசுக்கித் தட்டையாக்கும். அந்த இடத்தைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் மூடித்தகடு மூன்று அடுக்கும் டப்பாத்தகடு இரண்டு அடுக்குமாக, ஐந்து அடுக்குகள் தெரியும். இடையில் அடைப்புப் பசை இருக்கும். உணவு டின்னின் தையல் அசையாமல் நிற்கும் ஒரு பொருளை அடைத்தால் போதும். ஃபில்டரின் தையலோ, ஒவ்வொரு முறை எஞ்சின் கிளம்பும்போதும் அழுத்தத் துடிப்பை வாங்கிக்கொண்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அதிர்ந்துகொண்டே இருக்க வேண்டும். உருளைகள் தேய்ந்து மடிப்பு சற்றுத் தளர்ந்தாலும் கசிவு தொடங்கிவிடும் என்பதால், ஒவ்வொரு ஷிப்டிலும் சில டப்பாக்களை அறுத்து மடிப்பின் நீளத்தை அளப்பது எங்கள் வழக்கமாக இருந்தது.

கேள்வி: தொழிற்சாலையை விட்டு வெளியேறும் முன் ஒவ்வொரு ஃபில்டரையும் சோதிப்பார்களா? எண்ணெய் ஊற்றியா சோதிக்கிறார்கள்? (கும்பகோணம் வாசகர்)

பதில்: கசிவுச் சோதனை ஒவ்வொன்றுக்கும் உண்டு. எண்ணெய்க்குப் பதிலாக அழுத்தக் காற்றைச் செலுத்தி நீரில் மூழ்கவைத்துக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். அல்லது அடைத்த காற்றின் அழுத்தம் குறைகிறதா என்பதைக் கருவியால் அளப்பார்கள். தேறியவற்றுக்குப் பவுடர் கோட்டிங் செய்து அடுப்பில் சுட்டு, அதன் பிறகே வெளிக் கேஸ்கெட்டைப் பொருத்தி, எண்ணும் பெயரும் அச்சிட்டு, திறந்த பக்கத்தை உறையால் மூடிப் பெட்டியிலிடுவார்கள்.

மற்ற சோதனைகள் மாதிரிக்காக எடுத்தவற்றில் செய்யப்படுபவை. அவற்றில் பல ஃபில்டரை அழித்துவிடும். ஐ.எஸ்.ஓ. 4548 என்ற பன்னாட்டுத் தர நெறி பல பகுதிகளாக இவற்றை வகுத்திருக்கிறது. டப்பா வெடிக்கும் வரை அழுத்தம் ஏற்றுவது, அழுத்தத் துடிப்புகளைத் திரும்பத் திரும்பக் கொடுப்பது, அதிரவைப்பது, பைபாஸ் வால்வு எந்த அழுத்தத்தில் திறக்கிறது என்று பார்ப்பது ஆகியவை அதில் அடங்கும். அதன் 12-ஆம் பகுதி வடிதிறனைப் பற்றியது. ஓடும் எண்ணெயில் அளந்த தூளைத் தொடர்ந்து கலந்து, ஃபில்டருக்கு முன்னும் பின்னும் எத்தனை துகள்கள் இருக்கின்றன என்பதை அளவுவாரியாக ஒளிக்கருவி எண்ணும். 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்கு மேற்பட்ட துகள்கள் முன்னே 75 இருந்து பின்னே 1 மட்டுமே இருந்தால், அந்த அளவில் வடிதிறன் 98.7 விழுக்காடு. நம் தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான் என்பதோடு ஒப்பிட்டால் இந்த நுண்மை விளங்கும். 'இது 20 மைக்ரான் ஃபில்டர்' என்று மட்டும் சொல்வதில் பொருள் இல்லை. அந்த அளவில் பாதித் துகளைப் பிடித்தாலும் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியும். எத்தனை விழுக்காடு என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

நான் பெரிதும் விரும்பிய சோதனை எளிமையானது. தாள் தொகுதியை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் மூழ்கவைத்து, உள்ளே காற்றழுத்தத்தை மெல்ல ஏற்றுவோம். ஈரமான தாளின் நுண்துளைகள் காற்றைத் தடுத்து நிறுத்தும். எங்கே மிகப் பெரிய துளை இருக்கிறதோ அங்கிருந்து முதல் குமிழி கிளம்பும். பெரும்பாலும் அது தாளின் நடுப்பகுதியில் கிளம்பாது. பக்கவாட்டு இணைப்பிலோ, எண்ட் கேப் ஓரத்திலோதான் கிளம்பும்.

தூய்மையையும் சோதிக்க வேண்டும். இதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நடுக்குழாயின் உட்புறமும் அடித்தகட்டின் புரியும் வடிகட்டிய எண்ணெய் ஓடும் பகுதிகள். புரி வெட்டும்போது பிறந்த ஓர் உலோகச் சீவல் அங்கே ஒட்டிக்கொண்டிருந்தால், அதைத் தடுக்க வேறு எதுவும் இல்லை. முதல் முறை எஞ்சின் இயங்கியவுடன் அது நேரே பேரிங்குக்குப் போய்ச் சேரும். ஆகவே புரி வெட்டிய தகடுகளைக் கழுவுவதும், மாதிரி ஃபில்டர்களை அலசி, அலசிய திரவத்தை மெல்லிய சவ்வில் வடித்து, எத்தனை மில்லிகிராம் கழிவு தங்குகிறது என்று எடைபோடுவதும் தவிர்க்கக் கூடாத வேலைகள்.

கேள்வி: டீசல் வண்டியில் எண்ணெயும் ஃபில்டரும் மாற்றிய சில நாட்களிலேயே எண்ணெய் கறுத்துவிடுகிறது. ஃபில்டர் வேலை செய்யவில்லை என்று பொருளா? (நாமக்கல் வாசகர்)

பதில்: இல்லை. கறுப்புக்குக் காரணம் எரிபொருள் எரிந்து உண்டாகும் கரி. அதன் துகள்கள் ஒரு மைக்ரானுக்கும் மிகச் சிறியவை. எண்ணெயில் சேர்த்திருக்கும் வேதிப்பொருள்கள் அவை ஒன்றுசேர்ந்து திரளாதபடி மிதக்கவிடுகின்றன. எஞ்சினின் மூலைமுடுக்குகளில் படிந்திருந்த பழைய கரியையும் அவை கழுவி எடுக்கின்றன. ஃபில்டர் பிடிப்பதற்கு உரியவை மணல்தூசி, தேய்மானத்தால் வரும் உலோகத் துகள் போன்ற பெரியவை. ஆனால் எண்ணெயை மாற்றாமல் நாளைக் கடத்தினால், மிதக்கவைக்கும் அந்த வேதிப்பொருள்கள் தீர்ந்து, கரி திரண்டு, அப்போது தாளை அடைக்கத் தொடங்கும்.

கேள்வி: புரி சரியாக ஏறினால் எந்த ஃபில்டரையும் மாட்டலாம், விலை குறைந்ததே போதும் என்கிறார் எங்கள் ஊர்க் கடைக்காரர். இது சரியா? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: சரியன்று; இதில் ஆபத்தும் உண்டு. ஃபில்டர்களில் பரவலாக உள்ள புரி வகைகளில் இரண்டைப் பாருங்கள். ஒன்று 20 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. புரியிடைவெளியும் கொண்டது. மற்றொன்று முக்கால் அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 16 புரிகளும் கொண்டது. மெட்ரிக் அளவில் இது 19.05 மி.மீ. விட்டம், ஏறத்தாழ 1.59 மி.மீ. இடைவெளி. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். 20 மி.மீ. ஃபில்டர் முக்கால் அங்குலத் தண்டின்மேல் ஏறியும்விடும். ஆனால் புரிகள் நுனியளவே கவ்வியிருப்பதால், நெடுஞ்சாலையில் அழுத்தம் கூடும் ஒரு நேரத்தில் கழன்று விழக்கூடும். எண்ணெய் முழுவதும் கொட்டிய எஞ்சின் அதன்பின் நெடுநேரம் ஓடாது. புரி பொருந்தினாலும் கேஸ்கெட்டின் விட்டம், பைபாஸ் வால்வின் அழுத்தம், எண்ணெய் பின்னோக்கி வடியாமல் தடுக்கும் வால்வு உண்டா இல்லையா என்பவை எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். ஆகவே வண்டியின் கையேட்டில் உள்ள ஃபில்டர் எண், ஃபில்டர் நிறுவனத்தின் பொருத்தப் பட்டியல் இவற்றில் ஒன்றைப் பார்த்தே வாங்க வேண்டும்.

போலிகளைப் பொறுத்தவரை, பழுதடைந்து கழற்றப்பட்ட சிலவற்றை நான் அறுத்துப் பார்த்திருக்கிறேன். மடிப்புகள் பாதி எண்ணிக்கையில் இருந்தன. ஒன்றில் பைபாஸ் வால்வு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தகடு இருந்தது. மற்றொன்றில் பக்கவாட்டு இணைப்புக்குப் பசையே இடப்படவில்லை. வெளியே பெயின்டும் எழுத்தும் குறையில்லாமல் இருந்தன. உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய வண்டிக்கு இப்படிப்பட்ட பொருளை விற்பவர்களை என்னால் மன்னிக்க முடிந்ததில்லை. வாங்குபவர் செய்யக்கூடியது, நடுத்துளை வழியாக உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்ப்பதும், புரியில் சீவலோ துருவோ உண்டா என்று விரலால் தடவிப் பார்ப்பதும், ரசீதோடு நம்பகமான கடையில் வாங்குவதுமே.

மாட்டும்போது பழைய கேஸ்கெட் எஞ்சினோடு ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். அதன்மேலேயே புதியதை மாட்டினால் இரண்டு ரப்பர்களும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி எண்ணெய் பீறிடும். புதிய கேஸ்கெட்டில் சிறிது எண்ணெய் தடவி, அது எஞ்சினைத் தொட்டபின் கையாலேயே முக்கால் சுற்று இறுக்கினால் பெரும்பாலான ஃபில்டர்களுக்குப் போதுமானது; டப்பாவின்மேல் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

கேள்வி: ஆயில் ஃபில்டரைக் கண்டுபிடித்தவர் யார்? (காரைக்குடி வாசகி)

பதில்: 1923-இல் எர்னஸ்ட் ஸ்வீட்லேண்ட் என்ற அமெரிக்கர், ஜார்ஜ் கிரீன்ஹால்க் என்பவருடன் சேர்ந்து காருக்கான எண்ணெய் வடிகட்டியை உருவாக்கினார். 'தூய எண்ணெய் பின்னர்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களைச் சுருக்கி அதற்குப் 'பியூரொலேட்டர்' என்று பெயரிட்டார்கள். 1924-ஆம் ஆண்டின் கிரைஸ்லர் காரில் அது இடம்பெற்றது. அக்காலத்து ஃபில்டர்கள் எண்ணெயில் ஒரு சிறு பகுதியை மட்டும் தனிக்கிளையில் திருப்பி வடித்துத் தொட்டிக்கே அனுப்பும். பம்பிலிருந்து வரும் எண்ணெய் முழுவதையும் வடிக்கும் முறை பின்னால்தான் பரவியது. திருகி மாட்டும் டப்பா வகையை 1954-இல் அமெரிக்காவின் விக்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்தியது.

அண்மைக் காலத்தில் பல புதிய கார்கள் டப்பாவை விட்டு, எஞ்சினிலேயே நிலையான கூடு வைத்து, தாள் தொகுதியை மட்டும் மாற்றும் முறைக்குத் திரும்பியிருக்கின்றன. அவற்றில் எண்ட் கேப் பிளாஸ்டிக்கால் ஆனது. அதன் முகத்தை உருக்கித் தாளை அதிலேயே பதித்துவிடுவதால் பசையும் வேண்டியதில்லை.

கேள்வி: என் 100 சி.சி. மோட்டார் சைக்கிளில் ஃபில்டரே இல்லை என்கிறார் மெக்கானிக். உண்மையா? (விழுப்புரம் வாசகர்)

பதில்: தாள் ஃபில்டர் இல்லை என்பது உண்மையாக இருக்கலாம். அவ்வகைப் பல வண்டிகளில் எண்ணெய் உறிஞ்சப்படும் இடத்தில் கம்பிவலை ஒன்றும், கிராங்க் தண்டோடு சுழலும் கிண்ணம் ஒன்றும் இருக்கும். கிண்ணம் வேகமாகச் சுழலும்போது எண்ணெயைவிடக் கனமான துகள்கள் அதன் சுவரில் ஒதுங்கிச் சேறாகப் படியும். அதை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் கையேட்டில் சொன்ன இடைவெளியில் திறந்து துடைக்க வேண்டும்.

கேள்வி: கழற்றிய பழைய ஃபில்டரைக் குப்பையில் போடலாமா? (நாகர்கோவில் வாசகி)

பதில்: கூடாது. எண்ணெயைக் கொட்டிய பிறகும் தாளின் மடிப்புகளில் கணிசமான எண்ணெய் தங்கியிருக்கும். அது மண்ணிலும் நீரிலும் இறங்கும். இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் கீழ்ப் பழைய எண்ணெயும் எண்ணெய் தோய்ந்த கழிவுகளும் வருகின்றன. எஞ்சின் சூடாக இருக்கும்போதே ஃபில்டரைக் கழற்றி, டப்பாவின் அடியில் ஒரு துளையிட்டு, ஓர் இரவு முழுவதும் பாத்திரத்தின்மேல் வடியவிட்டால் எண்ணெயில் பெரும்பகுதி வந்துவிடும். அதைப் பழைய எண்ணெயோடு சேர்த்துத் தாங்கள் வழக்கமாக சர்வீஸ் செய்யும் இடத்தில் ஒப்படையுங்கள். அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் அவர்கள் அனுப்பிவைக்க வேண்டும். வடிந்த டப்பாவில் உள்ள எஃகு உருக்கி மீண்டும் பயன்படுத்தத்தக்கது என்பதால் அதையும் அவர்களிடமே கொடுத்துவிடலாம்.